ஊருக்கும் காலனிக்கும் பொதுவாக ஒரு வெள்ளக்காலக் கூடம்

கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, திருக்கோவிலூர் வழியாக வந்து கடலூருக்கு அருகே கடலில் சேருகிறது. அந்தக் கடைசிப் பகுதியில் கரையோரமாக இருக்கும் ஓர் ஊராட்சிக்கு, 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஒரு சமுதாயக் கூடத்தை வடிவமைத்துத் தரும் வேலை எனக்கு வந்தது. நிதி ஓர் அறக்கட்டளையுடையது, நிலம் ஊராட்சியுடையது, நான் கட்டமைப்புப் பொறியாளர். அந்த மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அங்கேயே வாழ வேண்டியவர்கள் என்பதால் ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை.

அங்கே ஏற்கெனவே இரண்டு கூடங்கள் இருந்தன. ஊர்ப்பக்கத்தில் கோயிலை ஒட்டி ஒன்று, காலனியில் ஒன்று. ஊர்க்கூடத்தில் காலனி மக்கள் கால் வைத்ததில்லை. காலனிக் கூடத்துக்குப் போக ஊர்க்காரர்களுக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. 2021 வெள்ளத்தில் காலனிக் கூடம் ஜன்னல் மட்டம் வரை மூழ்கியது. ஊர்க்கூடத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் அதன் கதவும் திறக்கப்படவில்லை; சாவி வைத்திருந்தவர் வெளியூர் போயிருந்தார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. காலனிக் குடும்பங்கள் ஆடு மாடுகளோடு தார்ச்சாலை மேட்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தங்கின. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்து நிவாரண முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை உண்மையறியும் குழுக்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கின்றன. ஆகவே இந்த ஊர் விதிவிலக்கு என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. மூன்றாவதாக ஒரு கூடம் கட்டி, அதுவும் இருவரில் ஒருவருடையதாகிப் போனால், செலவழித்த பணத்துக்குப் பொருளே இல்லை என்பதுதான் தொடக்கம் முதல் என் கவலையாக இருந்தது.

வரைபடத்துக்கு முன்பு மட்டம் எடுத்தோம். 2021 வெள்ளத்தின் கறை பல சுவர்களில் அப்படியே இருந்தது. ஆட்டோ லெவல் கருவியை வைத்து, இரண்டு பக்கத்து வீடுகளிலும் அந்தக் கறையின் உயரத்தை அளந்து, சாலையின் சிறுபாலச் சுவரில் குறித்த ஒரே புள்ளியோடு ஒப்பிட்டோம். ஊர்ப்பக்கத்து இளைஞர்களைக் காலனியிலும், காலனி இளைஞர்களை ஊர்த்தெருவிலும் அளவுக்கோல் பிடிக்கச் சொன்னேன். வேலை வேகமாக நடக்க அது தேவையில்லை; எண்களை இரண்டு தரப்பும் நம்ப அது தேவைப்பட்டது. ஊர்த்தெருவில் தண்ணீர் திண்ணையின் இரண்டாம் படியோடு நின்றிருந்தது, காலனியில் ஜன்னல் கட்டை வரை. ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தபோது நீர்மட்டங்களுக்கு இடையே வித்தியாசம் பதினோரு சென்டிமீட்டர்தான். தரைமட்டங்களுக்கு இடையே ஒரு மீட்டருக்கு மேல். கிராம நத்தம் எப்போதும் மேட்டில் அமைவதும், பின்னால் ஒதுக்கப்பட்ட குடியிருப்பு பள்ளத்தில் போய் விழுவதும் இந்த மாவட்டத்தில் புதிய செய்தி அல்ல. ஆனால் அந்தப் பதினோரு சென்டிமீட்டருக்கு வேறு காரணம் இருந்தது. இரண்டு தெருக்களுக்கும் நடுவே உயர்த்திப் போடப்பட்ட சாலையில் ஒரே ஒரு குழாய்தான் தண்ணீர் கடக்க இருந்தது. சாலையே அணையாக நின்று காலனிப் பக்கத்தில் நீரைத் தேக்கியிருந்தது. குழாயை ஊர்க்காரர்கள் அடைத்துவிட்டார்கள் என்று காலனியிலும், காலனிக்காரர்கள் வாய்க்காலை ஆக்கிரமித்ததால்தான் தேங்கியது என்று ஊரிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். அளவெடுத்த பிறகு அந்தப் பேச்சு முழுவதும் நின்றுவிடவில்லை என்றாலும், கிராம சபையில், சாலைக்கு அடியில் தண்ணீர் தாராளமாகக் கடக்கும் பெட்டிப் பாலம் கேட்டு நிறைவேறிய தீர்மானத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டன. கூடம் முடிவதற்கு முன்பே ஊராட்சி ஒன்றியம் அந்தப் பாலத்தைக் கட்டிவிட்டது. இப்படிப்பட்ட பணியில் இறங்குபவர்கள் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தண்ணீரின் வழியைப் பற்றிப் பேசுவது நல்லது. அங்கேதான் உண்மையான மனத்தாங்கல் இருக்கும்.

இடத் தேர்வில் எல்லோரும் முதலில் காட்டியது இரண்டு தெருக்களுக்கும் நடுவிலிருந்த வாய்க்கால் புறம்போக்கு. நடுவே இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்லை, கேட்கவே அழகாக இருந்தது. ஆனால் நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் எழுப்பச் சட்டத்தில் இடமில்லை, நீதிமன்றமும் அதைப் பலமுறை உறுதிப்படுத்தியிருக்கிறது. அதோடு அது ஊரிலேயே தாழ்ந்த இடம். மீதமிருந்தது சாலையோரத்துக் களம் புறம்போக்கு. நெல்லடிக்கும் இயந்திரம் வந்த பிறகு பெரும்பாலும் காலியாகக் கிடந்த நிலம் அது. காலனிக்குச் சற்று அருகே இருந்தாலும், ஊர்க்காரர்கள் தங்கள் நெல்லையும் உளுந்தையும் உலர்த்தத் தலைமுறைகளாகப் போய்வந்த இடம். அங்கே செல்வது யாருக்கும் புதிய பழக்கமாக இருக்கவில்லை. நடுவே இருக்கும் நிலத்தைவிட, இருவரும் ஏற்கெனவே ஒரு வேலையாகப் போகும் நிலம் மேலானது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மண் நிரப்பி மேடாக்கி அதன்மேல் கட்டலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. அந்த மேடு இன்னொரு சாலை மேடாகி, வழிந்தோடும் நீரைத் திருப்பி அடுத்தவர் வீட்டுக்குள் தள்ளும். தூண்களின் மேல் தூக்கி நிறுத்தினால் தண்ணீர் அடியில் போய்விடும். களத்தின் தரையிலிருந்து 2021 வெள்ள மட்டம் 1.5 மீட்டர் உயரம். கூடத்தின் தளத்தை 2.7 மீட்டரில் வைத்தோம். தளத்தைத் தாங்கும் பீமின் ஆழம் 45 சென்டிமீட்டர் போக, அதன் அடிப்பாகம் பழைய வெள்ள மட்டத்துக்கு 75 சென்டிமீட்டர் மேலே நின்றது. தளத்தின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு பீமின் அடியைக் கவனிக்காமல் விடுவது இத்தகைய கட்டடங்களில் அடிக்கடி நடப்பது. வெள்ளம் கொண்டுவரும் மரக்கட்டைகளும் கரும்புத் தோகையும் பீமில் மோதிச் சிக்கினால் தூண்கள் தாங்க வேண்டிய விசை வெகுவாகக் கூடிவிடும். மேலே வண்டலும் களியும், அடியில் மணலுமாக இருந்த நிலம் என்பதால், மண்ணரிப்புக்கு அஞ்சி, நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் பைல் அடித்தளம் போட்டு, பைல்களின் தலைகளைத் தரை பீம்களால் பிணைத்தோம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் கூரைத் தகடுகள் பறந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. எனவே தாழ்வாரத்துக்குக் கூடத் தகடு வேண்டாம், கான்கிரீட்தான் என்று முடிவு செய்தோம். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிர்ணயத்தின் 2015 பதிப்பு, கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள், புயலுக்குப் பின்னும் இயங்க வேண்டிய கட்டடங்களுக்குக் காற்றின் வேகத்தை 1.3 மடங்காக எடுக்கச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால் சுமை ஏறக்குறைய எழுபது சதவீதம் கூடும். செலவைக் குறைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது இந்த ஓர் எண்ணில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடலோர உப்புக் காற்றுக்காக எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனமும் வைத்தோம். அந்தக் கனம் சரியாக வரவேண்டுமானால், கம்பியை அந்த இடைவெளியில் நிறுத்திவைக்கும் கவர் பிளாக்குகளைக் கொத்தனாரின் பொறுப்பில் விட்டுவிடாமல், கான்கிரீட் ஊற்றும் முன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

படிக்கட்டுக்கு வருகிறேன்; இந்தக் கட்டடத்தில் அதிகம் யோசித்தது அதைப் பற்றித்தான். மக்கள் திரளும் கட்டடத்துக்கு வெளியேறும் வழிகள் குறைந்தது இரண்டு வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. முதல் வரைபடத்தில் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு படிகள் இருந்தன. அதைக் களத்திலேயே விரித்து வைத்து எல்லோருக்கும் விளக்கிய அன்று, ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கெழக்கால ஒரு படி, மேக்கால ஒரு படி. பிரச்சினை வராம சரியாத்தான் போட்டிருக்கீங்க சார்" என்று மனமாரப் பாராட்டினார். அவர் குரலில் கேலி இல்லை. காலனிப் பெண்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எதுவும் சொல்லவில்லை. ஆபத்துக் காலத்துக்காகப் பொறியாளர் இரட்டையாக வைக்கும் ஒவ்வொன்றும், இந்த ஊரில் ஆளுக்கொன்று என்று பிரிந்துவிடும் என்பது அந்தப் பாராட்டில் தெளிவானது. இரண்டு படி என்றால் இரண்டு வாசல், இரண்டு தொட்டி என்றால் இரண்டு தண்ணீர், இரண்டு அடுப்பு என்றால் இரண்டு பந்தி.

அதன்பிறகு வரைபடம் முழுவதையும் இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைப் பின்பக்கம் ஒதுக்காமல், அதையே முதன்மை வழியாக்கினோம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 2.7 மீட்டர் ஏற 32.4 மீட்டர் நீளம் வேண்டும். இடைத்தளங்களும் சேர்ந்து முப்பத்தேழு மீட்டர் வந்தது. நான்கு மடிப்பாகச் சாலைப் பக்கம் வைத்ததால், முதியவர்களும், சைக்கிளைத் தள்ளி வருபவர்களும், அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றுபவர்களும் அதையே பயன்படுத்துகிறார்கள். முதன்மைப் படிக்கட்டும் சாய்தளமும் ஒரே முற்றத்தில் தொடங்கி ஒரே தாழ்வாரத்தில் முடிகின்றன. இரண்டாவது படி பின்புறம் வயல்பக்கம் இறங்குகிறது. அதற்கு எந்தத் தெருவிலிருந்தும் பாதை கிடையாது, கதவும் வெளிப்புறமாக மட்டுமே திறக்கும். விதியும் நிறைவேறியது, தெருவுக்கொரு வாசலும் இல்லாமல் போனது.

கழிப்பறைகளைப் பெண்கள், ஆண்கள் என்று மட்டும் பிரித்து ஒரே வரிசையில் வைத்தோம். நிவாரண முகாம்களுக்கான ஸ்ஃபியர் என்ற சர்வதேச நெறிமுறை கழிப்பறை இருபது பேருக்கு ஒன்று என்றும், பெண்களுக்கு மூன்று மடங்கு என்றும் சொல்கிறது. எங்களால் ஆறுதான் கட்ட முடிந்தது. நான்கைப் பெண்களுக்கு ஒதுக்கினோம். வங்கதேசத்தின் புயல் காப்பகங்களுக்குப் பெண்கள் வரத் தயங்கியதற்குத் தனியிடமும் தனிக் கழிப்பறையும் இல்லாதது ஒரு காரணம் என்பது அங்கே கிடைத்த கசப்பான பாடம். அதனால் தாய்மார்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் வைத்தோம். மலத்தொட்டியின் மூடியை இறுக அடைத்து, காற்றுக் குழாயை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தி, கழிவு திரும்பி வராதபடி ஒருவழி வால்வு பொருத்தினோம். மின்பலகை, இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் மேல்தளத்தில். கைப்பம்பின் மேடையை வெள்ள மட்டத்துக்கு மேல் கட்டி, மழைநீரையும் அந்தக் கைப்பம்பு நீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, குழாய்களை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தோம்.

சமையலறை ஒன்றே ஒன்று. பாத்திரம் வாங்கும்போது தட்டும் தம்ளரும் ஒரே அளவில், ஒரே வகையில், பெயரோ குறியோ பொறிக்காமல் வாங்கச் சொன்னேன். இரட்டைக் குவளையை நேரில் பார்த்த தலைமுறைக்கு இதன் பொருளை விளக்க வேண்டியிருக்கவில்லை. சமைக்கும் பொறுப்பு இரண்டு தெருவின் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் கூட்டாகத் தரப்பட்டது. திறப்பு விழாப் பந்தியில் ஊர்ப்பக்கத்துச் சில குடும்பங்கள் உட்காரவில்லை. வந்து, வாழ்த்திவிட்டு, "வீட்ல சாப்டுட்டுத்தான் வந்தோம்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். தேநீரை மட்டும் பெரும்பாலோர் குடித்தார்கள். இதை மறைத்து எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும், பயன் இருக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று கணக்கில் இருந்தது. ஸ்ஃபியர் அளவுப்படி ஒருவர் தங்க 3.5 சதுர மீட்டர் வேண்டும். எங்கள் கூடத்தின் 280 சதுர மீட்டரில் எண்பது பேர்தான் சில நாட்கள் கண்ணியமாகத் தங்க முடியும். முதலில் மூழ்கும் வீடுகள் எல்லாம் காலனியில். ஆகவே வெள்ளக் காலத்தில் அங்கே தங்கப்போவது பெரும்பாலும் ஒரு தரப்புதான். மாடி வீடுள்ள ஊர்க்காரர் வரமாட்டார். வெள்ளம் ஒன்றுசேர்த்துவிடும் என்ற எண்ணத்தின் மேல் வடிவமைத்தால், அது நல்ல மனத்தோடு கட்டிய இன்னொரு காலனிக் கூடமாகத்தான் முடியும். 1997இல் தமிழக அரசு தொடங்கிய சமத்துவபுரங்களில் நூறு வீடுகளைத் தலித் மக்களுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று ஒதுக்கி வீடுகளையே கலந்து வைக்க முடிந்தது, ஏனென்றால் அவை புதிதாக எழுந்த குடியிருப்புகள். பழைய ஊரில் வீடுகளைக் கலக்க முடியாது, அன்றாட வேலைகளைத்தான் கலக்க முடியும்.

எனவே ஊர்க்காரருக்குத் தவிர்க்க முடியாதவை எவை என்று தேடினோம். வாடகை அறையில் இயங்கிக்கொண்டிருந்த கிராம நிர்வாக அலுவலகத்துக்குக் கூடத்தின் ஓர் அறையைத் தர ஊராட்சி முன்வந்தது. சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு, பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு என்று நிலம் உள்ளவர் அங்கே வந்தே ஆகவேண்டும். ஆவணங்களும் அதோடு வெள்ளத்துக்கு மேலே ஏறிவிட்டன. அதேபோல், தூண்களுக்கு இடையிலான கீழ்த்தளத்தில் ஒரு திண்ணை கட்டிப் பால் கொள்முதலை அங்கே மாற்றினோம். காலையும் மாலையும் இரண்டு தெருவிலிருந்தும் பால்கேனோடு வந்து ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வரிசையில் முந்துவது பற்றிச் சண்டை வருகிறது, ஆனால் அது யார் முதலில் வந்தார்கள் என்ற சண்டையாக இருக்கிறது. கல்யாண வாடகை எல்லோருக்கும் ஒன்றே. முன்பதிவுப் பேரேடு ஊராட்சி அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி இருக்கிறது. கூடத்தில் நடந்த முதல் கல்யாணம் காலனிக் குடும்பத்துடையது. அதன்பின் பல மாதங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து யாரும் பதிவு செய்யவில்லை. பிறகு ஒரு வளைகாப்பு வந்தது, அடுத்து ஒரு மஞ்சள் நீராட்டு.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. எங்கள் ஊரில் அன்று பெய்த மழையைச் சமாளித்துவிட்டோம். மழை ஓய்ந்த பிறகு வந்ததுதான் பெரியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையின் இரு கரைகளிலும் ஏறியது. களத்தில் நீர்மட்டம் 2021 கறையை முப்பது சென்டிமீட்டர் தாண்டியது. பீமின் அடியை அது தொடவில்லை. காலனியிலிருந்து வந்தவர்கள் எண்பதுக்கும் மேல், நெருக்கியடித்துக்கொண்டு படுத்தார்கள். ஊர்ப்பக்கத்திலிருந்து தங்க வந்தவை ஓட்டு வீடுகளில் இருந்த சில குடும்பங்களும், தனியே வசித்த முதியவர்களும் மட்டுமே. ஆனால் மின்சாரம் இல்லாமற்போன நாட்களில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும், குடிநீர் பிடிக்கவும், மாத்திரை வாங்கவும், தண்ணீர் வடிந்த பின் பயிர்ச்சேதத்துக்குப் பெயர் கொடுக்கவும் ஊர்த்தெருவே அந்தச் சாய்தளத்தில் ஏறி இறங்கியது. அந்த நாட்களில் அங்கே சாப்பிட்டவர்கள் யார், சாப்பிடாதவர்கள் யார் என்று நான் கணக்கெடுக்கவில்லை. கணக்கெடுக்கும் ஆள் ஒருவர் நின்றிருந்தால் சாப்பிட்ட சிலரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

சாவி விஷயத்தில் 2021 நினைவு எல்லோருக்கும் இருந்ததால் மூன்று சாவிகள் செய்தோம். ஊராட்சிச் செயலரிடம் ஒன்று, இரண்டு தெருவின் மகளிர் குழுத் தலைவிகளிடமும் ஒவ்வொன்று; எந்த ஒரு சாவியும் தனியாகவே முழுக் கூடத்தையும் திறக்கும். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும்படி இரட்டைப் பூட்டு வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. ஒற்றுமைக்கு அது அடையாளமாக இருக்கும் என்றார்கள். நள்ளிரவில் தண்ணீர் ஏறும்போது அடையாளத்துக்கு நேரம் இருக்காது என்று அதை விட்டுவிட்டோம். ஒடிசாவின் புயல் காப்பகங்களில் பராமரிப்புக் குழுவும் அதற்கென ஒரு வைப்புநிதியும் இருக்கும் ஏற்பாட்டைப் பார்த்து, கல்யாண வாடகையில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுகிறோம். பேட்டரி மாற்றவும், தொட்டி கழுவவும், மழைக்கு முன் ஒருவழி வால்வைச் சரிபார்க்கவும் அந்தப் பணம் போதுகிறது.

நிதியில்லாமல் விட்டுப்போனது மாடுகளுக்கான மேடு. வங்கதேசத்தில் கில்லா என்ற பெயரில் கால்நடைகளுக்கென்றே மண்மேடுகள் எழுப்பியிருக்கிறார்கள். மாட்டை விட்டுவிட்டு மனிதர் கிளம்பமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். 2024லும் எங்கள் ஊரில் ஆண்கள் பலர் மாடுகளோடு சாலையிலேயே நனைந்தபடி நின்றார்கள். மேடு போடும் இடம் நீரின் பாதையில் இல்லை என்பதை மட்டம் எடுத்து உறுதிசெய்து, களத்தின் வடகோடியில் குறித்துவிட்டோம். கிராம சபைத் தீர்மானமும் ஆகிவிட்டது. மேட்டுக்கான மண்ணுக்காக ஊர் ஏரியில் வண்டல் எடுக்க வட்டாட்சியரின் அனுமதி வரவேண்டும். அதோடு, எந்தப் பக்கத்து மடைக்கு அருகே முதலில் தோண்டுவது என்பதில் இரண்டு தெருவின் விவசாயிகளும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதற்காகவும் ஆட்டோ லெவலை எடுத்துக்கொண்டு ஒருமுறை போக வேண்டியிருக்கிறது.